பத்து மணி நேரப் படகோனியா

கப்பலில் போனால் பல ஊர் பார்க்கலாம் என்பது பாதிதான் உண்மை. பதினாலு நாள் பயணத்தில் நாங்கள் தரையில் கால் வைத்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மூன்று நாள் தேறாது. மிச்சமெல்லாம் தண்ணீர், பஃபே, மறுபடி தண்ணீர், மறுபடி பஃபே. ஊர் என்பது காலை எட்டு மணிக்கு ஜன்னல் பக்கம் வந்து நின்று, சாயங்காலம் ஆறரைக்குக் கிளம்பிப் போய்விடுகிற ஒரு விஷயம். அதற்குள் பார்த்தால்தான் உண்டு.

முதலில் ஒரு விளக்கம். "எம்.எஸ். படிக்கிற பயலுக்குக் கப்பல்ல சுத்த ஏது காசு?" என்று நம்ம செட்டில் சிலர் கேட்கப் போகிறீர்கள். காசு என்னுடையது இல்லை. ஹூஸ்டனில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை. டிக்கெட் வீணாகிறதே என்று என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். ஆக 2025 ஜனவரியில் சித்தி, சித்தி பையன் அருண், நான் மூவரும் ப்யூனஸ் அயர்ஸில் கப்பல் ஏறினோம். தென்னமெரிக்காவின் அடிக்கொம்பைச் சுற்றிச் சிலியில் இறங்குவதாகத் திட்டம். சித்தப்பா வாழ்க!

அருணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினாறு வயசு. ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் புரியும். சித்தி தமிழில் திட்டினால் முகம் சுருங்கும், தமிழில் ஜோக் அடித்தால் சிரிப்பான். ஆனால் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். திருச்சியில் இருக்கும் அம்மாச்சி ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு போனைச் சித்தியிடம் தள்ளிவிடுவான். அம்மாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷமாக ஸ்பானிஷ் படிக்கிறான், வெளுத்துக் கட்டுகிறான். அர்ஜென்டினாவில் எங்களுக்கு டாக்சி பிடித்தது, பேரம் பேசியது, பாத்ரூம் எங்கே என்று கேட்டது எல்லாம் அவன்தான்.

சரி, ஊருக்கு வருவோம். மூன்றாம் நாள் காலை கப்பல் நின்ற இடம் ப்வெர்ட்டோ மாட்ரின். அர்ஜென்டினாவின் சுபுத் மாகாணத்தில், நுவேவோ வளைகுடாவின் கரையில் இருக்கிறது. ஊரின் நடுவிலிருந்து கடலுக்குள் நீளமாக ஒரு பாலம் மாதிரி துறை. கப்பலை விட்டு இறங்கி அதன்மேல் நடந்தால் நேராகக் கடைத்தெருவுக்குப் போய்விடலாம். காற்று மட்டும் ஆளைத் தள்ளும். சித்தியின் துப்பட்டா இரண்டு தடவை கடலுக்குப் போகப் பார்த்தது.

இந்த ஊர் திமிங்கலத்துக்குப் பேர் போனது. தெற்கத்திய ரைட் திமிங்கலம் என்கிற வகை ஜூன் வாக்கில் இந்த வளைகுடாவுக்குள் வந்து குட்டி போடும், டிசம்பரில் போய்விடும். நாங்கள் போனது ஜனவரி. "அப்ப எதுக்குடா இந்த ஊரு?" என்றார் சித்தி. பென்குவினுக்கு, சித்தி.

தெற்கே சுமார் 180 கிலோமீட்டரில் புன்டா டோம்போ. மகெல்லன் பென்குவின்களின் மிகப் பெரிய குடியிருப்புகளில் ஒன்று. கப்பல் கம்பெனி போகிற டூருக்குச் சொன்ன விலையைப் பார்த்துச் சித்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துறைக்கு வெளியே அருண் பேசிப் பிடித்த வேன் ஏறக்குறைய பாதி விலை. கூடவே வரும் வழியில் கைமன் என்ற ஊரில் டீ குடிக்கவும் ஏற்பாடு. ஒரே நிபந்தனை, ஆறரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும். வேன்காரர் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னார். "ஐந்தரைக்கே கொண்டுவந்து விடுகிறாராம்" என்று அருண் மொழிபெயர்த்தான்.

படகோனியாவின் சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர், வானம், காற்று. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி புதர், வானம், காற்று. நடுவில் ட்ரெலெவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு டைனோசர் நின்றது. நிஜ அளவுச் சிலை. படகோடைட்டன் என்கிற, உலகத்தின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றை இந்த மாகாணத்தில்தான் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் குவானாகோக்கள், அதாவது ஒட்டகத்தின் சொந்தக்கார விலங்குகள். வேனைப் பார்த்து அலட்சியமாகத் தலையைத் திருப்பிக்கொண்டன.

பதினொன்றேகால் மணிக்குப் புன்டா டோம்போ. இறங்கியதும் முதலில் வந்தது வாசனை (நாகரிகமாகச் சொல்கிறேன்). அடுத்து சத்தம். ஆயிரம் கழுதைகள் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. பென்குவின் என்றால் ஐஸ் மேல் கும்பலாக நிற்கும் என்ற படம்தான் என் மண்டையில் இருந்தது. இங்கே ஐஸ் கிடையாது. வறண்ட மண், முள்ளுப் புதர், ஒவ்வொரு புதருக்கு அடியிலும் ஒரு வளை, வளைக்குள்ளே ஒரு குடும்பம். நம்ம பக்கத்துக் கரட்டுக்காட்டில் கோழி வளர்த்த மாதிரி இருந்தது.

நடைபாதையும் சின்னச் சின்ன மரப்பாலங்களும் போட்டிருக்கிறார்கள். பாதையில் பென்குவின் வந்தால் நாம்தான் நிற்க வேண்டும், அதற்குத்தான் முன்னுரிமை. அவையும் அது தெரிந்த மாதிரியே நடக்கின்றன. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டில் குறுக்கும் நெடுக்கும் போகும் பெரிய மனுஷர்கள் மாதிரி ஒரு நடை. ஒன்று என் ஷூவை ஒரு நிமிஷம் ஆராய்ச்சி பண்ணிவிட்டுப் போனது. முழங்காலைக் கொஞ்சம் தாண்டும் உயரம், நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல். உடம்புச் சூட்டை வெளியே விடுவதற்குத்தான் அந்தத் தோலாம்.

அவற்றின் வருஷக் கணக்கு இதுதான். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் ஆண் முதலில் வந்து போன வருஷத்து வளையைப் பிடித்து வைக்கும். பெண் கொஞ்ச நாள் கழித்து வரும். அக்டோபரில் இரண்டு முட்டை, நவம்பரில் குஞ்சு. ஒன்று காவல் இருக்க மற்றொன்று கடலுக்குப் போய் நெத்திலி வகை மீனைப் பிடித்துக்கொண்டு வரும். நாங்கள் போனபோது குஞ்சுகள் சாம்பல் நிறப் பஞ்சு உதிர்ந்து நீச்சல் இறகு முளைக்கும் பருவத்தில், பாதி கிழிந்த ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருந்தன. ஏப்ரலுக்குள் எல்லாம் காலி. பிரேசில் பக்கம் வடக்கே போய்விடும்.

இத்தனை லட்சம் பறவைகளில் கடலிலிருந்து திரும்புகிற அப்பாவோ அம்மாவோ தன் குஞ்சை எப்படிக் கண்டுபிடிக்கும்? குரலை வைத்து. நமக்கு எல்லாம் ஒரே கழுதைச் சத்தம். அவற்றுக்கு ஒவ்வொன்றும் வேறு. ஒரு பெரிய பறவை பாலத்துக்கு அடியில் நின்று இரண்டு தடவை கத்தியது. தள்ளி ஒரு புதரிலிருந்து கீச்சென்று பதில் வந்தது. உடனே நேராக அங்கே நடந்தது. சித்தி அதைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். முட்டி வலி என்று நினைத்து "உக்காருறீங்களா சித்தி?" என்றேன். "இல்லடா, அது போய்ச் சேர்ந்துச்சான்னு பாக்குறேன்" என்றார்.

பார்க்க இப்படி ஜாலியாக இருந்தாலும் இந்தப் பறவைகள் தப்பிப் பிழைத்த கதை சாதாரணமில்லை. 1980களின் தொடக்கத்தில் இந்தக் கரையின் பென்குவின்களைப் பிடித்துத் தோலில் கையுறை தைக்க ஒரு ஜப்பான் கம்பெனி திட்டம் போட்டது. நிஜமாகத்தான். மக்கள் கொதித்துப் போய் அதை நிறுத்தினார்கள். டீ போர்ஸ்மா என்ற அமெரிக்க உயிரியலாளர் 1982இல் இங்கே வந்து பறவைகளை எண்ண ஆரம்பித்தார், அந்த ஆய்வு பல பத்தாண்டுகள் ஓடியிருக்கிறது. எண்ணெய்க் கப்பல்கள் கழுவி ஊற்றிய கழிவில் நனைந்து இந்த மாகாணக் கரையில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பென்குவின்கள் சாவதாக ஒரு காலத்தில் மதிப்பிட்டார்கள். 1997இல் கப்பல் பாதையைக் கரையிலிருந்து இன்னும் தள்ளி வைத்ததும் அந்தச் சாவு அநேகமாக நின்றது. ஒரு கோட்டை மேப்பில் நகர்த்தியதற்கு இவ்வளவு பலன்.

நகர்த்த முடியாதது வெயில். 2019 ஜனவரி 19 அன்று இங்கே நிழலிலேயே 44 டிகிரி. அந்த ஒரே நாளில் பெரிய பறவைகள் 264, குஞ்சுகள் 90 செத்துக் கிடந்ததைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பெரிய பறவைகளில் நிறைய கடல் பக்கம் போகிற வழியிலேயே தண்ணீர் வற்றி விழுந்தவை. 2021இல் காப்பகத்துக்குப் பக்கத்து நிலக்காரர் ஒருவர் ஜேசிபி மாதிரி மெஷினை விட்டுக் கூடுகளை நசுக்கினார். 2024இல் கோர்ட் அவரைக் குற்றவாளி என்றது. வடக்கே வால்டெஸ் தீபகற்பத்தில் 2023இல் பறவைக் காய்ச்சல் வந்து யானை சீல் குட்டிகள் 17,000க்கு மேல் செத்துப் போயின. அந்த வருஷம் பிறந்ததில் கிட்டத்தட்ட எல்லாமே. வேன்காரர் இதைச் சொல்லும்போது கையைத் தட்டையாக வைத்து, கடற்கரை முழுக்க என்று காட்டினார். அருண் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

ஒன்றேகாலுக்குக் கிளம்பினோம். கைமன் நெருங்க நெருங்க ஒரு அதிசயம். சாம்பல் புதர் சட்டென்று நின்று பச்சை வந்துவிட்டது. வாய்க்கால், வாய்க்கால் ஓரம் உயரமான பாப்லர் மரங்கள், தோட்டம், செங்கல் வீடு. கடைப் பலகைகளில் ஸ்பானிஷுக்குப் பக்கத்தில் இன்னொரு மொழி. மெய்யெழுத்தாகவே கொட்டிக் கிடந்தது. அதுதான் வெல்ஷ். பிரிட்டனில் வேல்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறதே, அந்த ஊர் மொழி. இங்கே எங்கே வந்தது?

1865 மே மாதம் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து மிமோசா என்ற பாய்மரக் கப்பல் கிளம்பியது. அதில் வேல்ஸைச் சேர்ந்த சுமார் 150 பேர், குழந்தை குட்டிகளோடு. தங்கம் தேடியோ மிளகு தேடியோ போகவில்லை. அவர்கள் போன காரணங்களில் பெரியது, எங்காவது ஒரு இடத்தில் நம் மொழியிலேயே வாழ வேண்டும் என்பது. பள்ளிக்கூடம், கோயில், கோர்ட், கடை எல்லாம் வெல்ஷில். மைக்கேல் டி. ஜோன்ஸ் என்ற பாதிரியார் கிளப்பிய யோசனை. அமெரிக்காவுக்குப் போன வெல்ஷ் மக்கள் ஒரு தலைமுறையில் இங்கிலீஷ் ஆகிவிடுவதைப் பார்த்துவிட்டு, யாருமே இல்லாத இடமாகப் பார்த்துப் போவோம் என்றார்.

சொந்த ஊரில் நிலைமை அப்படி. வெல்ஷ் பேசுகிறார்கள், அதனால்தான் இவர்கள் முன்னேறவில்லை என்று 1847இல் அரசாங்கமே அறிக்கை வெளியிட்டது. பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பையன் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். அவன் வெல்ஷ் பேசும் இன்னொருவனைப் பிடித்துக் கொடுத்தால் கட்டை அவன் கழுத்துக்கு மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்கு அடி.

இங்கே ஒரு சின்ன கொசுவர்த்தி. நான் படித்த மெட்ரிக் பள்ளியில் தமிழ் பேசினால் ஒரு ரூபாய் அபராதம். வகுப்புத் தலைவனிடம் ஒரு நோட்டு, பெயர் எழுத. மாட்டுகிறவன் பெயரை மாட்டினவனே காட்டிக் கொடுத்துத் தப்பிக்கலாம் என்ற சலுகையும் உண்டு. வேனில் உட்கார்ந்து போனில் அந்த மரக்கட்டையைப் பற்றிப் படித்தபோது என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நூற்றைம்பது வருஷம், ஏழு கடல் தாண்டி, அதே டெக்னிக். எங்கள் பள்ளியில் கட்டைக்குப் பதில் நோட்டு. முன்னேற்றம்தான்.

மிமோசா கரை சேர்ந்தது 1865 ஜூலை 28. இங்கே நடுக் குளிர்காலம். பச்சைப் பசேல் என்று சொல்லிக் கூட்டி வந்த இடத்தில் நான் காலையிலிருந்து பார்த்த அதே புதர், வானம், காற்று. குடிதண்ணீர் இல்லை. அறுபது எழுபது கிலோமீட்டர் நடந்து சுபுத் ஆற்றுப் பக்கம் போனார்கள். விதைத்தது காய்ந்தது. 1867இல் ரேச்சல் ஜென்கின்ஸ் என்ற பெண்மணி, ஆற்று மட்டம் வயலைவிட உயரமாக இருக்கிறதே, கரையை வெட்டினால் தண்ணீர் தானாக வருமே என்று சொன்னதாகக் கதை. அவர் கணவர் வாய்க்கால் வெட்டினார். அதுதான் நான் பார்த்த பச்சை. காவிரிக் கரையில் பிறந்த சித்திக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "பாத்தியா, வாய்க்கா வெட்டுனாதான் ஊரு" என்றார்.

கைமனில் டீ வீடு என்றாலே விசேஷம். 1995இல் இளவரசி டயானா வந்து டீ குடித்த வீடு ஒன்று இருக்கிறது, டூர் பஸ் எல்லாம் அங்கேதான். நாங்கள் போனது சின்ன வீடு. மேஜையில் உட்கார்ந்ததும் பின்னல் சட்டை போட்ட பெரிய டீ பாட். பிறகு ரொட்டி, வெண்ணெய், ஜாம், ஸ்கோன், நாலைந்து வகைக் கேக். எல்லாம் ஆளுக்கு ஒரு தட்டு. நடுநாயகமாகக் கறுப்பு கேக், உலர்ந்த பழமும் கொட்டைகளும் போட்டு அடர்த்தியாக. மதியம் சாப்பிடாத பசியில் நாங்கள் பேசவே இல்லை.

வீட்டுக்கார அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று ஸ்பானிஷில் கேட்டார், அருண் பதில் சொன்னான். உள்ளேயிருந்து பன்னிரண்டு பதிமூன்று வயசுப் பெண் வெந்நீர் கொண்டுவந்தாள். அவளிடம் அவர் பேசியது ஸ்பானிஷ் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டேன். நடுநடுவே காற்று போகிற மாதிரி ஒரு "ல்" சத்தம். நம்ம ழ மாதிரி அவர்களுக்கு அது, வெளியாட்கள் நாக்கில் சிக்காது. சித்தி முயற்சி பண்ணிப் பார்த்தார். அந்தப் பெண் சிரித்தாள். பதிலுக்கு "வாழைப்பழம்" சொல்லச் சொன்னோம். நாங்கள் சிரித்தோம். ஸ்கோர் சமம் :-)

பென்குவின் என்ற சொல்லே வெல்ஷ்தான் என்றும் அந்த அம்மா சொன்னார். 'பென்' என்றால் தலை, 'க்வின்' என்றால் வெள்ளை. வட அட்லாண்டிக்கில் இருந்து அழிந்துபோன வேறொரு பறவையின் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது என்று ஒரு கருத்து உண்டு. மொழியியல்காரர்கள் இதில் இன்னும் சண்டை போடுகிறார்கள். "தலை கறுப்பாத்தானே இருந்துச்சு?" என்று சித்தி எடுத்த பாயிண்டுக்கு யாரிடமும் பதில் இல்லை.

சித்திதான் கேட்கச் சொன்னார். "நூத்தம்பது வருஷமா விடாம பேசிட்டு வர்றாங்களான்னு கேளுடா." அருண் கேட்டான். அந்த அம்மா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கதை நீளம் என்று அப்போதே தெரிந்தது.

அவர் பேசப் பேச அருண் எங்களுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தான். அவருடைய பாட்டிக்கு வெல்ஷ்தான் முதல் மொழி. பண்ணை வீட்டில் ஸ்பானிஷ் சரியாக வராது. ஆனால் அதற்கு முன்பே அரசாங்கப் பள்ளிக்கூடம் ஸ்பானிஷ் ஆகிவிட்டது. வேல்ஸிலிருந்து புது ஆட்கள் வருவது முதல் உலகப் போர் வாக்கில் நின்றுவிட்டது. ஊரில் இத்தாலிக்காரர், ஸ்பெயின்காரர் எல்லாம் வந்து கலந்துவிட்டார்கள்.

"அவங்க அம்மாவுக்கு எல்லாமே புரியுமாம். ஆனா பாட்டி வெல்ஷ்ல கேட்டா, அவங்க எப்பவும் ஸ்பானிஷ்லதான் பதில் சொல்வாங்களாம்" என்றான் அருண். சொன்னது வழக்கம்போல இங்கிலீஷில். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவனுக்கே கேட்ட மாதிரி இருந்தது. ஸ்கோனை எடுத்து ஜாம் தடவ ஆரம்பித்தான். சித்தி டீ கப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அந்த அம்மாவுக்கு இது எதுவும் தெரியாதே, தொடர்ந்து சொன்னார். அவருக்கு வீட்டில் வெல்ஷ் வரவே இல்லை. பாட்டி பாடுவதைக் கேட்டிருக்கிறார், அர்த்தம் தெரியாது. 1997 முதல் வேல்ஸிலிருந்து ஆசிரியர்களைச் சுபுத்துக்கு அனுப்பும் திட்டம் ஒன்று ஆரம்பமானது. இருபது வயசில் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்து, வேற்று மொழி படிக்கிற மாதிரி அ, ஆவிலிருந்து படித்தார். பெண்ணை இருமொழிப் பள்ளியில் போட்டார். இந்த வட்டாரத்தில் அப்படிப் பள்ளிகள் இப்போது இருக்கின்றன. 2006இல் ட்ரெலெவிலும் ஒன்று வந்தது. வருஷா வருஷம் ஐஸ்டெத்வோட் என்று பாட்டு, கவிதைப் போட்டித் திருவிழா நடக்கிறது. 1891இல் தொடங்கிய வெல்ஷ் பத்திரிகை ஒன்றும் இருக்கிறது. பேசுகிறவர்கள் மொத்தத்தில் சில ஆயிரம் பேர்தான். வீட்டில் ஒரு மகள், ஒரு அம்மா, நடுவில் ஒரு தலைமுறை காணோம். அவருடைய வெல்ஷில் வேல்ஸ் ஆசிரியரின் வாடை இருக்கிறது, பாட்டியுடைய பண்ணை வெல்ஷ் அது இல்லை என்று ஊர்க் கிழவர்கள் கிண்டல் பண்ணுவார்களாம்.

சித்தி மெதுவாகக் கேட்டார். "அந்தப் பாட்டி இவங்க பேசுறதைக் கேட்டாங்களான்னு கேளு."

அருண் உடனே கேட்கவில்லை. "கேக்கணுமாம்மா?" என்று பார்வையால் கேட்டான். பிறகு ஸ்பானிஷில் கேட்டான். பதில் ரொம்பச் சின்னது.

"இல்லையாம். வகுப்பு ஆரம்பிக்கிறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே போயிட்டாங்களாம்."

அந்தப் பெண் சமையலறையிலிருந்து என்னவோ கூப்பிட்டாள். அம்மா எழுந்து போனார். நாங்கள் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டோம்.

கிளம்பும்போது வாசலில் அருண் அந்தப் பெண்ணிடம் வெல்ஷில் நன்றி எப்படிச் சொல்வது என்று கேட்டு, "தியோல்ஹ்" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வந்தான். சித்தி வாசலில் விற்ற கறுப்பு கேக் ஒன்றை டின்னோடு வாங்கினார். மாதக் கணக்கில் கெடாதாம். கல்யாணத்தில் ஒரு துண்டை எடுத்து வைத்து முதல் வருஷ நிறைவில் சாப்பிடுகிற வழக்கம் உண்டாம்.

வேன்காரர் சொன்ன சொல் காப்பாற்றினார். மாட்ரினுக்கு ஐந்தரைக்கு முன்னாலேயே வந்துவிட்டதால் ஊருக்குத் தெற்கே புன்டா குவேவாஸ் என்ற இடத்தில் பத்து நிமிஷம் நிறுத்தினார். மிமோசாவில் வந்தவர்கள் கரையிறங்கித் தங்கிய இடம். மண்பாறையில் குடைந்த சின்னக் குழிகள் இருக்கின்றன. அதற்குள் குடும்பத்தோடு குளிர்காலத்தில் இருந்தார்கள் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது. மேலே மேட்டில் கடலைப் பார்த்து ஒரு டெவெல்சே மனிதனின் சிலை, 1965இல் நூற்றாண்டு விழாவுக்கு வைத்தது.

"யாருமே இல்லாத இடம்" என்று மேலே எழுதினேன் இல்லையா, அது பாதிரியாரின் கணக்கு. ஆட்கள் இருந்தார்கள். முதல் வருஷங்களில் வெல்ஷ்காரர்களுக்கு வேட்டை சொல்லிக் கொடுத்து, இறைச்சி கொடுத்து ரொட்டி வாங்கிப் போனவர்கள் இந்த டெவெல்சே மக்கள்தான். இரண்டு பக்கமும் பெரிய சண்டை இல்லாமல் இருந்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள், நியாயம்தான். ஆனால் 1870களின் கடைசியில் அர்ஜென்டினா ராணுவம் 'பாலைவனப் படையெடுப்பு' என்று ஒன்றை நடத்தி இந்தப் பூர்வகுடிகளைக் கொன்றும் விரட்டியும் நிலத்தைப் பிடித்தது. தென் படகோனியாவில் பேசப்பட்ட டெவெல்சே மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி ஆள் டோரா மன்சாடோ என்ற பெண்மணி. 2019 ஜனவரியில் இறந்தார். வெல்ஷுக்கு ஆசிரியர் அனுப்ப, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தாய்நாடு இருந்தது. டெவெல்சேக்கு இதுதான் தாய்நாடு. அனுப்புவதற்கு வேறு ஊர் ஏது? டீ வீட்டில் நெகிழ்ந்துபோன மனசு அந்தச் சிலைக்குக் கீழே நின்றபோது அவ்வளவு சுலபமாக இல்லை. இரண்டும் ஒரே மாகாணத்தின், ஒரே நூற்றாண்டின் கதை.

காற்று இன்னும் அதிகமாகியிருந்தது. சிலை முன்னால் போட்டோ எடுத்ததில் மூன்று பேருக்கும் முடி முகத்தில்தான் இருக்கிறது.

கப்பல் ஏழு மணிக்கு நகர்ந்தது. அடுத்து இரண்டு நாள் கழித்து ஃபாக்லாந்து தீவுகள், அங்கே வேறு பென்குவின்கள். அதைத் தனியாக எழுதுகிறேன், சோம்பேறித்தனம் விட்டால். அன்று ராத்திரி அருண் டெக்கில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மாச்சி ஸ்கூல் போயிருக்காங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டான். அஞ்சாவது வரைக்கும் என்றேன். எந்த ஊரில் என்றான். லால்குடி பக்கம் என்றேன். அந்த ஊருக்கு ரயில் போகுமா, ஆறு இருக்கிறதா என்று இன்னும் நாலைந்து கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "மிச்சத்தை அவங்ககிட்டயே கேளு" என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

கறுப்பு கேக் டின் இன்னும் பிரிக்காமல் ஹூஸ்டனில் ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிறது. அம்மாச்சி வந்தபிறகுதான் வெட்டணும் என்று சித்தியின் கட்டளை. அம்மாச்சிக்கு வீசா இன்டர்வியூ தேதி இன்னும் கிடைக்கவில்லை. கேக்கில் ரம் இருக்கிற விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.